மூணாவது கேள்வி

மாணிக்கவேலு தூக்கத்தில் குறட்டை விடுவாரா, மாட்டாரா என்பது சேவூரில் ஒருத்தருக்கும் தெரியாது. கட்டின பொஞ்சாதிக்கே தெரியாதென்றால் ஊர்க்காரர்களைச் சொல்லி என்ன பிரயோசனம்? கேட்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும். இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணி, ஒரே பெண்ணைப் போளூரில் கட்டிக்கொடுத்து, பேரனும் எடுத்தாயிற்று. இன்னுமா ஒருத்திக்குப் புருஷன் தூங்குகிற லட்சணம் தெரியாது? தெரியாதுதான். அந்தப் பொஞ்சாதி ஸ்வர்ணலதாவின் வீட்டில் ஒரே ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்த்தால் யாருக்கும் விளங்கிவிடும்.

வீட்டுக்குப் பின்னால் சிமெண்டு ஷீட்டு போட்ட கொட்டகையில் ரெண்டு மிஷின் தறி. ஆள் வைத்து ஓட்டினது ஒரு காலம். ஆள் கிடைக்காமல் போனதிலிருந்து, இந்தப் பதினோரு வருஷமாகப் புருஷனும் பொஞ்சாதியும்தான். காலை ஆறு மணிக்கு ஸ்வர்ணலதா தறிக்குள் நுழைந்தால் அவர் வெளியே வருவார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் நுழைந்தால் அவள் வெளியே வருவாள். தறி நிற்காது, ஆள்தான் மாறும். அவர் படுக்கிறபோது அவள் எழுந்திருப்பாள், அவள் படுக்கிறபோது அவர் எழுந்திருப்பார். வீட்டில் பாய் ஒன்றே ஒன்றுதான். அது சூடு ஆறினதே கிடையாது.

அந்தச் சத்தம் வேறு. இவர்கள் தறி மட்டுமா? பக்கத்து வீட்டில் நாலு, எதிர் வரிசையில் ஆறு. தெருவில் ரெண்டு பேர் நின்று பேசினால் சண்டை போடுகிறார்கள் என்றுதான் புதுசாக வருகிறவன் நினைப்பான். ஸ்வர்ணலதா போளூருக்குப் போனால், "மெதுவாப் பேசும்மா, அக்கம்பக்கத்துல சிரிக்கறாங்க" என்று மகள் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனுஷன் தூக்கத்தில் குறட்டை விட்டால் என்ன, கச்சேரி பண்ணினால்தான் என்ன.

இது இத்தனை நாளாக யாருக்கும் தேவைப்படாத விஷயமாகத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அந்த நர்சுப் பெண் கேட்கிற வரைக்கும்.

மாணிக்கவேலுக்கு அடிவயிற்றில் குடலிறக்கம். தறிக்குப் பாவு நூல் சுற்றின கனத்த உருளையைத் தூக்கித் தூக்கி வந்த வினை. எட்டு மாசமாக வலி. நின்றால் ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்பார். "உள்ளாற சிக்கிகிச்சின்னா ராவோட ராவா அறுக்க வேண்டி வரும், தள்ளிப்போடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். காப்பீட்டு அட்டைக்கு மூணு தபா நடையாய் நடந்து, ஒரு வழியாக வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள். மயக்கம் கொடுத்து, வயிற்றில் ஓட்டை போட்டு, உள்ளே வலை வைத்துத் தைக்கிற ஆபரேஷன்.

ரெண்டு நாள் முன்னால் ரத்தம், மூத்திரம், படம் எல்லாம் எடுத்து முடித்ததும், பரிமளா என்ற நர்சு ஒரு அட்டையில் காகிதம் செருகிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கண்ணமங்கலத்துப் பெண். நல்ல வாய்.

"அய்யா, மயக்க டாக்டர் கேக்கச் சொன்ன கேள்விங்க. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும். நீங்க சத்தமா கொறட்டை வுடுவீங்களா? சாத்தின கதவத் தாண்டிக் கேக்கற மாதிரி?"

"இல்ல" என்றார் மாணிக்கவேலு. கேள்வி முடியக்கூட இல்லை.

"தூங்கறவருக்கு எப்டிய்யா தெரியும்? அம்மா, நீங்க சொல்லுங்க."

ஸ்வர்ணலதா யோசித்தாள். கல்யாணமான புதுசில் லேசாக ஏதோ கேட்ட ஞாபகம். அப்போது அவர் ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தார். "நான் கேட்டதில்லம்மா" என்றாள்.

பரிமளா இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டாள். "பகல்ல தூக்கம் தூக்கமா வருமா? அசதியா இருக்குமா?"

"ராவெல்லாம் தறி ஓட்டறவன் பகல்ல தூங்காம இன்னாம்மா பண்ணுவான்?"

"அது வேலை செஞ்ச தூக்கம்ய்யா. நான் கேக்கறது முழிச்சிகினு இருக்க வேண்டிய நேரத்துல."

"அதெல்லாம் கெடையாது."

"மூணாவது. தூக்கத்துல உங்க மூச்சு நிக்கறத யாராச்சும் பாத்திருக்காங்களா?"

ஸ்வர்ணலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்ய, மூச்சு நின்னுட்டா அப்பால ஆளு எப்டிம்மா எழுந்து வருவாரு?"

"சில பேருக்கு நின்னு நின்னு வரும்மா. பாத்திருக்கீங்களா?"

"இல்லம்மா. பாத்ததில்ல."

டிக். அவள் சொன்னதில் பொய் ஒரு எழுத்து கிடையாது. ஆனால் பார்க்காததும் இல்லாததும் ஒன்றா? தெரியாது என்று போட அந்தக் காகிதத்தில் இடம் இல்லை, அவளுக்கும் அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதற்கும் இல்லை என்றார். ரெண்டு வருஷம் முன்னால் சுகாதார நிலையத்தில் கொடுத்ததை மூணு மாசம் போட்டுவிட்டு அவரே நிறுத்திவிட்டார். நிறுத்தியாயிற்று என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? ஸ்வர்ணலதாவும் அப்படித்தான் நினைத்தாள். அப்புறம் பரிமளா டேப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றி அளந்தாள். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.

"சட்டைக்கா அளவெடுக்கற?" என்று மாணிக்கவேலு கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் முகத்தில் ஒரு களை. "சக்கரவர்த்தி சொன்னது சரியாத்தான் போச்சி" என்றார்.

சக்கரவர்த்தி இவர்களிடம் நெய்த புடவையை வாங்கிப்போய் முதலாளி கடையில் சேர்க்கிறவன்.

"இன்னா சொன்னாரு?"

"பித்தப்பைக் கல்லுக்குப் போனப்ப அவனையும் இதே கேள்விதான் கேட்டாங்களாம். கொறட்டை வுடுவேன்னு சொல்லித் தொலைச்சிட்டான். தூக்கத்த டெஸ்ட் பண்ணணும்னு வேலூருக்குத் தொரத்திட்டாங்க. தேதி கெடைக்க ரெண்டு மாசம். பேஜாராப் போச்சி அவனுக்கு. அதான், எதக் கேட்டாலும் இல்லன்னு சொல்லிட்டு வந்துடுன்னான்."

ஸ்வர்ணலதாவுக்கு அப்போது அது ஒன்றும் பெரிசாகப் படவில்லை.

புதன்கிழமை கரண்டு கட். மாசா மாசம் வருகிறதுதான், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் அஞ்சு வரை. கரண்டு இல்லாத நாள் என்றால் ஸ்வர்ணலதாவுக்கு வெளிவேலை நாள். ரேஷன், பாங்கு, போளூருக்குப் போய்ப் பேரனைப் பார்த்துவிட்டு வருவது எல்லாம் அன்றைக்குத்தான். அவர் பாட்டுக்குத் தனியாகப் படுத்துத் தூங்குவார். இந்தத் தடவை அவள் எங்கும் போகவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் துணிமணி எடுத்து வைக்கணும், போர்வை துவைக்கணும்.

மனுஷன் செவ்வாய் ராத்திரிகூடத் தறியை விடவில்லை. "நாளையிலேர்ந்து பத்து நாளைக்கு நான் ஓட்ட முடியாது, இன்னிக்கி ஓட்டிக்கறேன்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே விடிய விடிய நின்றார். காலையில் ரெண்டு களி உருண்டையை முருங்கைக்கீரைக் குழம்பில் முக்கி விழுங்கிவிட்டுப் படுத்தார். ஸ்வர்ணலதா தறிக்குப் போனாள்.

சரியாக ஒன்பதுக்குக் கரண்டு போயிற்று. தறி ரெண்டும் நின்றன. பக்கத்து வீட்டில் நின்றது, எதிர் வரிசையில் நின்றது. தெருவே வாயைப் பொத்திக்கொண்டது. சித்திரை வெயில் ஷீட்டு வழியாக இறங்கியது. அறுந்த இழை நாலைந்தை முடிச்சுப் போட்டுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

உள்ளே என்னமோ சத்தம். யாரோ லாரியைக் கிளப்ப முடியாமல் உறுமவிடுகிற மாதிரி. வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். லாரி எதுவும் இல்லை. திரும்பி வந்தால் சத்தம் பாயிலிருந்து வருகிறது.

"அடக் கடவுளே, இவரா!" என்று வாய்விட்டே சிரித்துவிட்டாள். இத்தனை வருஷம் இந்தக் கூத்து வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது! மகளுக்குப் போன் போட்டுச் சொல்லணும் என்று நினைத்தாள். பேன் ஓடவில்லை, அவர் முதுகெல்லாம் வேர்வை. புடவை வைக்கிற அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

நாலு விசிறு விசிறியிருப்பாள். சத்தம் நின்றது.

திரும்பிப் படுப்பார் என்று பார்த்தாள். படுக்கவில்லை. வாய் திறந்திருக்கிறது, மார்பு இழுக்கிறது, வயிறு உள்ளே போகிறது, ஆனால் காற்று போகவும் இல்லை, வரவும் இல்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். ஒன்றும் இல்லை. இழை எண்ணிப் பழகின வாய் தானாக எண்ண ஆரம்பித்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு... பதினைந்து... இருபது... உதடு நீலம் பாய்கிற மாதிரி அவளுக்குத் தெரிந்தது. இருபத்து மூணில் தோளைப் பிடித்து உலுக்கப் போனாள். அதற்குள் உடம்பு ஒரு தூக்குத் தூக்கி, "க்ஹா" என்று இழுத்து, மறுபடியும் லாரி உறும ஆரம்பித்தது.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். விசிறியைப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடியும் நின்றது. மறுபடியும் இழுத்தது. ஒரு மணி நேரத்தில் எத்தனை தபா என்று எண்ணி மாளவில்லை. முந்தின நாள் அந்தக் கேள்விக்குத் தான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அவர் எழுந்ததும் சொன்னாள்.

"கனா கண்டியா?" என்றார் மாணிக்கவேலு.

"நான் எதுக்குக் கனா காணறேன்? தூங்கினது நீங்க. இருபத்து மூணு எண்ணினேன். மூச்சே இல்ல."

"மூச்சே இல்லாதவன் தோ உன் எதுர்ல உக்காந்துகினு பேசறேன்."

"வெளாட்டு இல்லங்க இது. மயக்க டாக்டரு கேக்கச் சொன்னாருன்னா அதுல ஏதோ இருக்குது. நேத்து நாம இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டோம். மயக்கம் குடுத்தப்பால இந்த மாதிரி நின்னா யாரு உலுக்குவாங்க?"

"அவங்க டாக்டருங்க. எல்லாம் பாத்துக்குவாங்க. நீ கம்முனு இரு."

அவள் கம்முனு இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடுத்த பையன், டாக்டர் மூணு மணிக்கு மேல்தான் வருவார், எதுவாக இருந்தாலும் காலையில் வந்து சொல்லுங்க என்று வைத்துவிட்டான். காலையில் ஏழு மணிக்குப் பச்சைச் சட்டையை மாட்டி, கையில் ஊசியைக் குத்தி, தள்ளிக்கொண்டு போகிற அவசரத்தில் இவள் பேச்சை யார் காதில் வாங்குவார்கள்?

அந்த நேரம் பார்த்து சக்கரவர்த்தி வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டான். "இன்னாக்கா நீங்க! வர்றத வேணாம்னு சொல்வாங்களா யாராச்சும்? போய்ச் சொன்னீங்கன்னா நாளைக்கு ஆபரேஷன் கெடையாது, எழுதி வெச்சிக்குங்க. வேலூரு, டெஸ்ட், தேதின்னு என்ன மாதிரி அலைய வேண்டியதுதான். அதுக்குள்ள அண்ணனுக்குக் கொடல் சிக்கிகிச்சின்னா?"

அதுவும் நியாயம்தான். அதுதான் ஸ்வர்ணலதாவை அறுத்தது. சொன்னால் ஒரு ஆபத்து, சொல்லாவிட்டால் ஒரு ஆபத்து. சொல்லாமல் விட்டு ஏதாவது ஆனால், இல்லை என்று சொன்ன வாய் அவளுடைய வாய்.

"நான் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாணிக்கவேலு தட்டைத் தள்ளினார். "போனின்னா நாளைக்கு நான் ஆபரேஷனுக்கே வரமாட்டேன். எட்டு மாசமா வலில துடிக்கறவன் நான். ஒரு மனுஷன் தூங்கறதப் பாத்துகினு உக்காந்து, ஊரெல்லாம் போய்ச் சொல்லுவியா? மானம் இல்ல?"

"மானத்த வெச்சிகினு நான் இன்னா பண்ணட்டும்? நீங்க இருந்தாத்தான் மானம்."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். அறுத்த நெல் வயலில் வெயில் கண்ணைக் குத்தியது. இப்போதும் தூங்கிவிட்டாரோ, நின்றிருக்குமோ என்று மனசு எண்ணிக்கொண்டே வந்தது.

பரிமளா இவளைப் பார்த்ததும், "இன்னாம்மா, நாளைக்குத்தானே?" என்றாள்.

"நேத்து நான் சொன்னது தப்பும்மா. மூணாவது கேள்விக்கு ஆமான்னு போடு. மொத கேள்விக்கும் போடு. பிரஷர் மாத்திர குடுத்திருந்தாங்க, அவருதான் நிறுத்திட்டாரு. அதயும் போடு."

"நேத்து நீங்கதானே இல்லன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். நான் தூங்கறப்ப அவரு தறில, அவரு தூங்கறப்ப நான் தறில. பாக்காத ஒண்ண இல்லன்னு சொல்லிட்டேன்மா. இன்னிக்கித்தான் பாத்தேன்."

பரிமளா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். வயசு, ஆம்பளை, கழுத்து. இந்த மூணுக்கும் ஆமா என்று ஏற்கெனவே டிக் இருந்தது. இவள் இப்போது சொன்ன மூணும் சேர்ந்தால் ஆறு ஆமா. அஞ்சு வந்தாலே ஆபத்து என்று கணக்கு. "இது அவர் கையெழுத்துப் போட்ட ஃபாரம்மா. அவர் இல்லாம நான் மாத்த முடியாது. இளஞ்செழியன் சார்தான் மயக்க டாக்டர், உள்ள ஒரு கேஸ்ல இருக்காரு. வந்ததும் பேசுங்க. உக்காருங்க."

உட்கார்ந்தாள். ஹாலில் பத்துப் பதினைந்து பேர். மூணரை ஆயிற்று, டாக்டர் வரவில்லை. நாலு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சக்கரவர்த்தி தோளைத் தாங்கிப் பிடிக்க, மாணிக்கவேலு இறங்கி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"எழுந்திரு. வூட்டுக்குப் போலாம்."

"டாக்டரப் பாக்காம நான் வர்ல."

"ஏம்மா" என்று அவர் பரிமளாவைப் பார்த்தார், "இவ சொல்றத எதயும் எழுதாத. ஒடம்பு என்னுது. எனக்குத் தெரியாதா? எனக்கு ஒண்ணும் கெடையாது."

ஹாலே திரும்பிப் பார்த்தது. ஸ்வர்ணலதாவுக்கு அவமானத்தில் காது எரிந்தது.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. சார் வரட்டும், அரை மணி நேரம் உக்காருங்கய்யா" என்றாள் பரிமளா.

மாணிக்கவேலு அவளை விட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். விடிய விடிய நின்ற உடம்பு, பகலில் அரைத் தூக்கம். மேலே பேன் ஜில்லென்று சுற்றுகிறது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, தலை பின்னால் சாய்ந்து சுவரில் முட்டியது. வாய் திறந்தது.

முதலில் லேசாக. அப்புறம் ஹால் முழுக்க. காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "அண்ணே, அண்ணே" என்று சக்கரவர்த்தி எழுப்பக் குனிந்தான். ஸ்வர்ணலதா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சத்தம் நின்றது.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்ததுக்குக் காத்திருந்தார்கள். அடுத்தது வரவில்லை. கட்டுப் போட்ட அம்மாள் முந்தானையை இறக்கினாள். பரிமளா மேஜையை விட்டு எழுந்து வந்து, சுவர்க் கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஸ்வர்ணலதாவின் கை அவர் தோளுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. தொட்டால் எழுந்துவிடுவார். எழுந்துவிட்டால், எனக்கு ஒண்ணும் கெடையாது என்பார், நாளைக் காலையில் அப்படியே தள்ளிக்கொண்டு போவார்கள். தொடாவிட்டால் கண்ணெதிரே கட்டின புருஷனுக்கு மூச்சு இல்லை. எந்தப் பொம்பளைக்கும் இப்படி ஒரு சோதனை வரக்கூடாது. தொடாதே, தொடாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்தக் கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"அய்யோ, இன்னாம்மா, எழுப்புங்கம்மா!" என்று கட்டுப் போட்ட அம்மாள் கத்தினாள்.

"க்ஹா" என்று உடம்பு தூக்கிப்போட்டது. மூச்சு வந்தது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் அப்போதுதான் மூச்சு விட்டார்கள்.

"இருபத்தெட்டு செகண்டு" என்றாள் பரிமளா. குரல் சன்னமாகிவிட்டது. ஓடிப்போய் உள்ளே சொன்னாள். தலையில் பச்சைக் குல்லாவோடு இளஞ்செழியன் டாக்டர் வந்து நின்றார். அடுத்ததை அவரே பார்த்தார், அதற்கடுத்ததையும். அப்புறம்தான் மாணிக்கவேலுவின் தோளைத் தட்டினார்.

கண்ணைத் திறந்த மாணிக்கவேலு சுற்றிலும் நிற்கிறவர்களைப் பார்த்தார். "இன்னா, எல்லாரும் என்னையே பாத்துகினு கீறீங்க?" என்றார். சக்கரவர்த்தி தரையைப் பார்த்தான்.

"அய்யா, தூங்கறப்ப உங்க தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதைய அடைச்சுக்குது" என்றார் டாக்டர். "மயக்க மருந்து குடுத்தா இன்னும் தளரும். ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரி, வலி மருந்தும் சேர்ந்துச்சுன்னா, இப்ப எழுந்த மாதிரி எழ முடியாமப் போகலாம். தெரிஞ்சா நாங்க வேற மாதிரி செய்வோம். தெரியாமப் போயிருந்தா..." மேலே சொல்லாமல் ஸ்வர்ணலதாவைப் பார்த்தார். "நல்ல வேளைம்மா, வந்தீங்க."

"அப்ப நாளைக்கி?" என்றார் மாணிக்கவேலு. குரலில் பழைய காரம் இல்லை.

"நாளைக்கு இங்க வேணாம். வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரில நானே பேசறேன். டெஸ்டுக்காக ரெண்டு மாசமெல்லாம் காக்க வைக்க மாட்டோம், உங்களுக்குக் குடல் அவசரம் இருக்கு. திங்கக்கிழமை. முழு மயக்கம் இல்லாம முதுகுல ஊசி போட்டுச் செய்வாங்க. ராத்திரி மூச்சுக்கு மெஷின் வெச்சுப் பார்ப்பாங்க. நடுவுல வயித்து வீக்கம் கல்லாட்டம் ஆனா, வாந்தி வந்தா, உடனே தூக்கிட்டு வந்துடணும். அது வரைக்கும் மல்லாக்கப் படுக்கக் கூடாது, ஒருக்களிச்சுத்தான். தூங்கறப்ப பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். யார் இருப்பீங்க?"

"நான்" என்றாள் ஸ்வர்ணலதா.

"அவர் தூங்கற நேரமெல்லாம்?"

"தூங்கற நேரமெல்லாம்."

"தறி?" என்று சக்கரவர்த்தி வாய் தவறிக் கேட்டுவிட்டான்.

"நிக்கட்டும். இத்தன நாள் ஓடிச்சே, இன்னா வாரிக் குடுத்துச்சி?"

புதுக் காகிதத்தில் பரிமளா மறுபடியும் கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மூணாவது கேள்வி வந்தபோது மாணிக்கவேலு பொஞ்சாதியைப் பார்த்தார். "பாத்திருக்கறேன்" என்றாள் அவள். அவர் கையெழுத்துப் போட்டார்.

சக்கரவர்த்தி ஆட்டோ பிடிக்கப் போனான். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமாக இருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் திடீரென்று.

"இன்னா தெரியும்?"

"இதான். ரெண்டு வருஷமா. தொண்டைய யாரோ புடிச்சி அமுக்கற மாதிரி முழிப்பு வரும். எழுந்து உக்காந்துக்குவேன். செத்துட்டுப் பொழச்சி வந்த மாதிரி நெஞ்சு அடிச்சிக்கும்."

ஸ்வர்ணலதா அவர் கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "ரெண்டு வருஷமாவா? பாவி மனுஷா, பத்தடி தூரத்துல கொட்டாயில நான்தானே இருந்தேன்? என்னை ஒரு தபா கூப்டக் கூடாதா?"

"கூப்ட்டேனே" என்றார் அவர். "மொதல்ல ஒரு நாலஞ்சி தபா கூப்ட்டேன். தறி ஓடற சத்தத்துல உனக்கு எங்க கேக்கும்? எழுந்து வர்றதுக்கும் தெம்பு இருக்காது. அப்பால கூப்டறத வுட்டுட்டேன். அந்தப் பக்கம் தறி ஓடிகினு இருக்கும். சரி, அவ இருக்கறான்னு மறுபடியும் படுத்துக்குவேன்."

வாசலில் போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "ஏய், இன்னா இது, ரோட்டுல" என்றார் மாணிக்கவேலு. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"எப்டிக் கூப்ட்டீங்க?" என்றாள் அழுகைக்கு நடுவே.

"எப்டின்னா? ஸ்வர்ணான்னுதான்."

"கூப்டுங்க."

"இப்பவா? பைத்தியமா உனக்கு?"

"கூப்டுங்கன்னா."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். கூச்சத்தோடு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஸ்வர்ணா" என்றார்.

"இன்னாங்க" என்றாள் அவள். "தோ, வந்துட்டேன்."